செத்த ஸ்டீரிங்

என் வீட்டுக்காரர் பால்வண்ணநாதனுக்கும் செல்போன் கடை பேச்சிராஜுக்கும் இரண்டு வருஷமாகச் சண்டை. வரப்புத் தகராறு இல்லை, பாகப்பிரிவினை இல்லை. இரண்டு பேரும் ஒருநாள்கூட ஏறி உட்காராத ஒரு காரைப் பற்றிய சண்டை.

வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் அது. தரையை ஒட்டிக் கிடக்கும். முன்விளக்கு இரண்டும் துருத்திக்கொண்டு நிற்பதால் இவர்களுடைய வாட்ஸ்அப் குரூப்பில் அதற்குத் தவளை என்றே பெயர். பழைய தவளையில் ஸ்டீரிங்கைத் திருப்புவதற்கு எண்ணெய் உதவி செய்யும். இன்ஜின் ஓட ஓட ஒரு பம்ப் சுற்றி, எண்ணெயை அழுத்தி, நம் கைக்குப் பாரம் தெரியாமல் பார்த்துக்கொள்ளும். வண்டியைப் புதிதாக வடிவமைத்தபோது கம்பெனிக்காரன் எண்ணெயையும் பம்பையும் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு சின்ன கரண்ட் மோட்டாரை வைத்துவிட்டான். விஷயம் இவ்வளவுதான். இதற்காகத் தென்காசியிலும் மேலகரத்திலும் செங்கோட்டையிலும் உள்ள ஆம்பிளைகள் சோறு தண்ணியை மறந்து அடித்துக்கொண்டார்கள்.

"எண்ணெய் ஸ்டீரிங்னா ரோடு நம்ம கையில பேசும்வே. கரண்ட் ஸ்டீரிங் செத்த ஸ்டீரிங்" என்பது இவர் கட்சி.

"அண்ணாச்சி, ரோடு பேசுததைக் கேட்டுக்கிட்டு என்ன செய்யப் போறீங்க? குழி கண்ணுக்குத் தெரியுதுல்லா, கைக்கு வேற எதுக்குத் தெரியணும்? மோட்டார்னா பெட்ரோல் மிச்சம், கை வலியும் கிடையாது" என்பது பேச்சிராஜ் கட்சி.

உடனே இவருக்கு ரத்தம் கொதிக்கும். போனை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு பேசியே அனுப்புவார். டைப் அடித்தால் விரல் வேறு வேறு எழுத்தில் விழுகிறதாம். பதில் வரும்வரை இருப்புக்கொள்ளாது. உட்கார்ந்தால் எழுந்திருப்பார், எழுந்தால் வாசலுக்குப் போவார், வாசலில் நின்று வண்டிச் சாவியைச் சுழற்றுவார், திரும்பி வந்து ஆறிப்போன தோசையை ஒரு வாய் பிய்ப்பார். போன் கத்தும். தோசையை வைத்துவிட்டு மறுபடி வாசல். இந்த மனுஷனை வைத்துக்கொண்டு ஒரு நேரம் நிம்மதியாகச் சாப்பாடு பரிமாற முடியாது.

இவர் ஊர் சுந்தரபாண்டியபுரம். மாமனாருக்கு நிலம் இருந்தது. மகன் அதைப் பார்த்துக்கொள்வான் என்று அவர் நினைத்திருக்கிறார். மகனோ டிராக்டரை ஓட்ட ஆரம்பித்தபிறகு அதிலிருந்து இறங்கி வயலில் கால் வைக்கவே இல்லை. சூரியகாந்தி பூத்தால் சினிமாக்காரர்கள் வருவார்களே, அவர்களுடைய ஜெனரேட்டர் வண்டியைக் கொஞ்ச நாள் ஓட்டினார். பிறகு லாரி. வைக்கோல் ஏற்றிக்கொண்டு செங்கோட்டை வழியாக மலை ஏறி கொல்லத்துக்குப் போவார். மழையில் அந்த வளைவுகளில் லோடு வண்டியை இறக்கியதைப் பற்றி இப்போது கேட்டாலும் கண் மின்னும். கல்யாணத்துக்குப் பிறகு நான்தான் லாரி போதும் என்று பிடிவாதம் பிடித்தேன். மேலகரத்தில் டிரைவிங் ஸ்கூல் ஆரம்பித்தோம். ஆபீஸ் வேலை காளீஸ்வரியாகிய என் பொறுப்பு, சொல்லிக்கொடுப்பது அவர்.

சொல்லிக்கொடுப்பதில் அவருக்கு ஒரு முறை உண்டு. முதல் நாள் கிளட்ச், கியர் எதையும் தொட விடமாட்டார். ஸ்கூல் வண்டியில் வாத்தியார் பக்கமும் பிரேக், கிளட்ச் உண்டல்லவா? அவற்றில் தன் காலை வைத்துக்கொண்டு வண்டியை முதல் கியரில் ஊர விடுவார். கற்றுக்கொள்ள வந்தவர் ஸ்டீரிங்கில் கையை வைத்தால் போதும். "கண்ணு ரோட்டுல இருக்கட்டும். கையில என்ன தெரியுது, சொல்லு" என்பார். எங்கள் வண்டி ஸ்டீரிங்கில் எண்ணெயும் கிடையாது கரண்டும் கிடையாது, வெறும் இரும்பு. ஒன்றும் தெரியவில்லை என்று சொன்னால் இன்னொரு சுற்று. மணல் எங்கே, தார் எங்கே, பள்ளம் எந்தப் பக்கத்து டயரில் இறங்கியது என்று கை சொல்லத் தொடங்கிய பிறகுதான் பாடம். காசு கொடுத்து வந்து சும்மா கையை வைத்துக்கொண்டு உட்கார்வதா என்று சலித்துக்கொண்டவர்கள் உண்டு. ஆனால் இவரிடம் கற்றவர்கள் வண்டியை எங்கேயும் கொண்டுபோய் இடித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இவருக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்து ஏழெட்டு வருஷம் ஆகிறது. மாத்திரையை நினைத்தால் போடுவார், நினைக்காவிட்டால் இல்லை. போன ஐப்பசியில் தென்காசிக்குப் பைக்கில் போய்விட்டு வந்து வாசலில் இறங்கினார். வலது காலில் செருப்பு இல்லை. எங்கே என்று கேட்டேன். குனிந்து காலைப் பார்த்தார். வழியில் எங்கேயோ கழன்று விழுந்திருக்கிறது. அது இவருக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து இவர் காலைக் கவனித்தேன். கையையும் கவனிக்க ஆரம்பித்தேன். நான் முந்தானையால் பிடித்துக்கொண்டு வருகிற காப்பி டம்ளரை இவர் வெறுங்கையால் வாங்கி அப்படியே வைத்திருக்கிறார். சட்டைப் பித்தானைக் கண்ணாடி முன்னால் நின்று பார்த்துப் பார்த்துப் போடுகிறார். டாக்டரிடம் போவோம் என்றேன். "சும்மா கிட" என்றார்.

சும்மா கிடந்திருக்கலாம், மாஜிதா வராமல் இருந்திருந்தால். ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிற பிள்ளை. காலையில் வேலைக்குப் போவதற்கு முன் கற்றுக்கொள்ள வருவாள். ஒருநாள் வகுப்பு முடிந்து இவர் டீக்கடைக்குப் போன நேரம் பார்த்து ஆபீசுக்குள் வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, வளைவுல ஒரு பெரியவர் சைக்கிள்ல வந்துட்டாரு. நான் பதறிப்போய் எல்லாத்தையும் விட்டுட்டேன். சாருதான் பிரேக் போடுவாவன்னு பாத்தா போடல. சைக்கிள் கேரியர்ல இடிச்சு அவரு விழுந்துட்டாரு. அடி ஒண்ணும் பெருசா இல்லக்கா, முழங்கையிலதான் சிராய்ப்பு."

"சார் கால் எங்கன இருந்துச்சு?"

"பிரேக் மேலதான் இருந்துச்சு. நான் பாத்தேன். ஆனா அமுக்கல. அமுக்குனேன்னு சொல்லுதாவ."

அன்று முழுக்க இவர் வண்டிக்கு அடியில் கிடந்தார். வாத்தியார் பக்கத்து பிரேக் கேபிள் லூசாம், முறுக்கினார். மறுவாரம் முன்டயர் இரண்டையும் மாற்றினார். ஸ்டீரிங்குக்கு கிரீஸ் வைத்தார். மெக்கானிக்கைக் கூப்பிட்டு அவனைத் திட்டினார். வண்டியில் உள்ள ஒவ்வொரு சாமானையும் குற்றம் சொன்னார், தன்னைத் தவிர.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சொந்தமாகப் புதுக் கார் வாங்கியவர்கள் சிலர் அந்தக் காரிலேயே கற்றுக்கொடுக்கச் சொல்வார்கள். எல்லாம் கரண்ட் ஸ்டீரிங். ஆரம்பத்தில் இவர் அவற்றைக் குறையே சொன்னதில்லை. இரண்டு வருஷமாகத்தான் இறங்கி வரும்போதெல்லாம் "செத்த வண்டி, செத்த வண்டி" என்று புலம்பல். குரூப்பில் சண்டை ஆரம்பித்ததும் அப்போதுதான்.

மனசில் வைத்துக்கொள்ள எனக்குத் தெரியாது. கேட்டுவிட்டேன். "ஏங்க, செத்தது ஸ்டீரிங்கா, உங்க விரலா?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார். அப்புறம் சில நாள் என்னிடம் பேச்சில்லை.

அவர் பேசாவிட்டால் எனக்கென்ன? ஆனால் ஸ்டீரிங்கில் ஒரு பெண்பிள்ளை, பக்கத்தில் பிரேக்கை மிதித்தோமா இல்லையா என்றே தெரியாத ஒரு மனுஷன், எதிரே பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள். இன்னொரு தடவை சிராய்ப்போடு நிற்குமா? ஸ்கூலை மூடு என்று சண்டை போடவும் பயம். அந்த வண்டியைப் பிடுங்கிவிட்டால் இவர் என்ன ஆவார்? ஆளே உடைந்துபோவார். அதனால் தென்காசிக்குப் போகிற வேலை இருக்கிறது என்று தினமும் ஒரு பொய்யைச் சொல்லி, மாஜிதா வகுப்பின்போது பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான். பின்சீட்டில் இருந்து நான் எந்த பிரேக்கை மிதிப்பேன்? ஆனாலும் வீட்டில் இருக்க முடியவில்லை.

இப்படி இருக்கும்போது ஆனி மாதம் சாரல் பிடித்தது. செங்கோட்டை ஜோயல் குரூப்பில் ஒரு சேதி போட்டான். ஜோயலுக்கு பிளைவுட் வியாபாரம். அவனுடைய அளியன், அதாவது அக்கா வீட்டுக்காரர், கொல்லத்தில் பெரிய வசதி. பழைய தவளை அவரிடம் முன்பே இருந்ததாம், இப்போது புதுசும் வாங்கிவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்தில் குளிக்க வருகிறபோது இரண்டையும் கொண்டு வருகிறார்களாம். "பால்வண்ணம் அண்ணாச்சி ரெண்டையும் ஓட்டிப் பாத்துட்டுத் தீர்ப்பு சொல்லட்டும். அதுக்கு மேல யாரும் பேசக்கூடாது" என்று ஜோயல் எழுத, பேச்சிராஜும் சரி என்றுவிட்டான்.

சனிக்கிழமை இவர் இருந்த இருப்பைப் பார்க்க வேண்டுமே. ஒரே சட்டையை இரண்டு தடவை தேய்த்தார். விரல்களை மடக்குகிறார், நீட்டுகிறார், உள்ளங்கையைத் தொடையில் தேய்க்கிறார்.

"நானும் வாரேன்" என்றேன்.

"ஆம்பிளைகள் கூடுத இடத்துல உனக்கு என்னட்டி வேலை?"

"மங்குஸ்தான் வாங்கணும்."

"நான் வாங்கிட்டு வருவேம்லா."

"நீங்க அழுகினதைத் தூக்கிட்டு வருவீங்க. நான் பொறுக்கி எடுக்கணும்."

மறுநாள் ஸ்கூல் வண்டியிலேயே போனோம். பழைய குற்றாலத்துக்குப் போகிற ரோட்டில், கடைகள் தொடங்குவதற்கு முன்னால் மரத்தடியில் எல்லாரும் கூடியிருந்தார்கள். சாரல் பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. வேனில் வந்த கூட்டம் ஈரத்துண்டைக் கண்ணாடியில் காயப்போட்டபடி எங்களைத் தாண்டிப் போயிற்று. நடுவில் இரண்டு தவளைகள், பழையது சாம்பல் நிறம், புதுசு மஞ்சள். மாப்பிள்ளை பார்க்க வந்த மாதிரி ஆம்பிளைகள் சுற்றிச் சுற்றி வந்தார்கள். பேச்சிராஜ் நல்ல பேண்ட்டோடு ஈரத்தில் மண்டிபோட்டு அடியில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் நேராக அளியனிடம் போனேன். "சார், இவர் ஓட்டும்போது நீங்க பக்கத்துல இருக்கணும். பழக்கமில்லாத வண்டி." இவர் என்னை எரித்துவிடுவதுபோலப் பார்த்தார். பார்க்கட்டும். அந்த வண்டியில் பக்கத்து சீட்டில் பிரேக் இல்லை என்பதுதான் என் கவலை.

முதலில் மஞ்சள் வண்டி. ஆயிரப்பேரிப் பக்கமாகப் போனார்கள். சத்தம் தேய்ந்து அடங்கியது. நான் நின்ற இடத்தில் நிற்க முடியாமல் ரோட்டுக்கும் மரத்துக்கும் நடந்தேன். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கிறதா என்று காது போய்க்கொண்டே இருந்தது. என்ன புத்தி இது என்று என்னையே திட்டிக்கொண்டேன். கடைசியில் வண்டி முழுசாகத் திரும்பி வந்தது. இவர் கதவைத் திறந்து இறங்கினார், மார்பு நிமிர்ந்திருந்தது.

"நான் சொன்னேம்லா? செத்தது. பஞ்சுமேல கையை வச்ச மாதிரி இருக்கு. ரோடுன்னு ஒண்ணு இருக்கிறதே தெரியல."

பாதிப் பேர் கைதட்டினார்கள். பேச்சிராஜ் விடுவானா? "அண்ணாச்சி, அதுல ஸ்போர்ட்ஸ்னு ஒரு பட்டன் இருக்கு, அதைப் போட்டீங்களா? மோட்டார் எவ்வளவு தள்ளணும்னு கம்ப்யூட்டர்தான் முடிவு பண்ணுது. ஒரு ரவுண்டுல தீர்ப்பு சொன்னா எப்படி?"

"பட்டனைப் போட்டு உயிரைக் கொண்டுவர முடியுமாவே?"

அளியன் தன்மையான மனுஷர், பேச்சில் மலையாளம் கலந்திருக்கும். "எனக்கு அத்தரை மோசமாத் தோணல்ல. அந்தப் பாலத்துப் பக்கம் ரோடு ஒட்டுப் போட்டிருக்குல்லா, அது நல்லாத்தான் கையில தெரியும்" என்றார். சத்தத்தில் யாரும் கவனிக்கவில்லை. இவர் மட்டும் அவரை ஒரு நிமிஷம் வெறித்துப் பார்த்தார்.

அடுத்தது சாம்பல் வண்டி, எண்ணெய் ஸ்டீரிங். இவர் இரண்டு வருஷமாக வாதாடிய கட்சிக்காரன். உள்ளே உட்கார்ந்து, உள்ளங்கைகளை வேட்டியில் அழுத்தித் துடைத்துவிட்டு, ஸ்டீரிங்கைப் பிடித்தார். போனார்கள். இந்தத் தடவை சீக்கிரமே திரும்பிவிட்டார்கள். வண்டி ஊர்ந்து ஊர்ந்து வந்து மரத்தடியில் நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. இவர் இறங்கவில்லை. கட்டைவிரலால் ஸ்டீரிங்கை அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாரும் ஜன்னலை மொய்த்தார்கள். "அண்ணாச்சி, சொல்லுங்க. எப்படி இருக்கு?"

இவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"இதுவும் செத்துட்டு" என்றார்.

 முதலில் சிரிப்பு. பிறகு ஒரே களேபரம். பேச்சிராஜ் குதித்தான். "ஒத்துக்கிட்டாரு! அண்ணாச்சி வாயாலேயே ஒத்துக்கிட்டாரு! எண்ணெய்ல ஒண்ணும் இல்லைன்னு நான் ரெண்டு வருஷமாச் சொல்லுதேன்." ஜோயலுக்கு ரோஷம் வந்துவிட்டது. எண்ணெய் மாற்றி ஒரு மாசம்கூட ஆகவில்லை என்றான். எண்ணெய் மட்டமாக இருக்கும் என்றான் ஒருத்தன். டயரில் காற்று ஜாஸ்தி என்றான் இன்னொருத்தன். ஜோயல் தானே ஏறி ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு வந்து கத்தினான்: "ஒரு குறையும் கிடையாதுலே! சின்னக் கல்லுல ஏறினாக்கூட கையில சுர்ருன்னு தெரியுது!" அதற்கும் நாலு பேர் நாலு பதில். அடுத்த சாரல் வரைக்கும் பேச அவர்களுக்கு விஷயம் கிடைத்துவிட்டது.

ஒருத்தனாவது இவர் முகத்தைப் பார்த்தானா? இல்லை. கூட்டத்துக்குள்ளிருந்து ஓசையில்லாமல் நழுவி எங்கள் வண்டிப் பக்கம் நடந்தார். நான் பின்னாலேயே போனேன். டிரைவர் கதவில் கையை வைத்தார். எடுத்தார். சுற்றிக்கொண்டு போய் வாத்தியார் சீட்டில் உட்கார்ந்தார். நான் ஸ்டீரிங் பக்கம் ஏறிக் கதவைச் சாத்தினேன்.

"ஜோயலுக்குச் சின்னக் கல்லு தெரியுதாம்" என்றார்.

இவரைத் திட்டுவதற்கென்று மாசக்கணக்காக நான் சேர்த்து வைத்திருந்த வார்த்தையெல்லாம் எங்கே போயிற்றோ. 

"அன்னைக்கு அந்த சைக்கிள்காரர் வரும்போது நான் அமுக்கினேன்னுதான் நினைச்சேன் காளி. பொய் சொல்லல."

"தெரியுங்க."

"பிரேக்னு நினைச்சு எதை மிதிச்சேனோ. மிதிச்சேனான்னே தெரியல." கையை மடியில் வைத்து, அது வேறு யாருடையதோ என்பதுபோலப் பார்த்தார். "பிள்ளைக வண்டியைக் குறை சொன்னேன். மெக்கானிக்கைத் திட்டினேன்."

நான் அழுதுவிட்டேன். இவர் என்னைத் தேற்றவில்லை. தேற்றத் தெரிந்த மனுஷரும் இல்லை. கண்ணாடிக்கு வெளியே இன்னும் கத்திக்கொண்டிருந்த கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாஜிதாவுக்கு போன் போடு. நாளைக்கு சார் வரமாட்டாவன்னு சொல்லு."

"நாளைக்கு மட்டுமா?"

குனிந்து தன் காலடியில் இருந்த பிரேக்கைப் பார்த்தார். "கையெழுத்து, சர்க்கார் ஆபீஸ் எல்லாம் நான் பாத்துக்கிடுதேன். சொல்லிக்கொடுக்க வேற வாத்தியாரை வைப்போம். நீயும் வாத்தியார் லைசென்சுக்கு எழுதிப்போடு. உனக்குக் கை நல்லாருக்கு."

"காலையில சர்க்கரை டாக்டர்ட்ட போறோம். அதுல மாத்துப் பேச்சு கிடையாது."

"ம்" என்றார்.

வண்டியை எடுத்தேன். எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தது இவர்தான். ஆனால் இவர் பக்கத்தில் இருக்கும்போது நான் ஓட்டினேன் என்று சொல்ல முடியாது. ஒரு நாய் குறுக்கே வந்தாலும், நான் காலைத் தூக்குவதற்கு முன்னால் இவர் பக்கத்து பிரேக் இறங்கியிருக்கும். அதற்காகவே எத்தனையோ தடவை பாதி வழியில் இறங்கிச் சண்டை போட்டிருக்கிறேன்.

குற்றாலம் ரோட்டில் சீசன் நெரிசல். சாரலில் கண்ணாடி மங்கியது. மேலகரத்துக்குள் நுழையும்போது ஒரு டூரிஸ்ட் வேன், பின்னால் பார்க்காமல் சடாரென்று ரோட்டுக்கு ரிவர்ஸ் எடுத்தது. பழக்கதோஷம், நான் ஒரு கணம் இவருடைய காலுக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. பதறிப்போய் நானே மிதித்தேன். வேனுக்கு ஒரு முழம் தள்ளி வண்டி நின்றது.

இவர் பக்கம் திரும்பினேன். செருப்பைக் கழற்றிக் கீழே ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு காலையும் சீட்டின்மேல் மடக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கைகள் மடியில் இருந்தன. முகம் முழுக்கக் கண்ணீர்.

"நல்லாத்தான் பிடிச்ச" என்றார். "எடு, பின்னால ஹாரன் அடிக்கான்."

வீடு வந்து சேருகிறவரை அந்தக் காலை அவர் கீழே இறக்கவே இல்லை.